விலையக்கா வாங்கிய விலை

பள்ளி உணவுத் திட்டத்தின் மாவட்ட அலுவலகத்தில் நான் தட்டச்சு வேலை பார்த்த காலத்தில் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தவர் விலையக்கா. அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. மாதம் ஒருமுறை சம்பளப் பட்டியலில் அதைத் தட்டச்சு செய்வேன். மற்றபடி அந்தப் பெயரை யாரும் புழங்கியதாக நினைவில்லை. அவரைவிடப் பதினைந்து வயது மூத்த வாசல் காவலாளிகூட "விலையக்கா, டீ சொல்லட்டுமா?" என்றுதான் கேட்பார்.

அக்காவின் வேலையைச் சொல்வது எளிது. செவ்வாய்க்கிழமைதோறும் சந்தைக்குப் போக வேண்டும். பள்ளிச் சாப்பாட்டுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை என்று பன்னிரண்டு பொருள்கள் என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்று பச்சை அட்டை போட்ட பதிவேட்டில் எழுத வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய விலையைவிட மொத்தத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால், ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒதுக்கும் தொகையை அரசு உயர்த்த வேண்டும். இது விதி. பத்தைத் தாண்டாவிட்டால் பழைய தொகைதான். எங்கள் மாவட்டத்தில் நூற்றுப் பதினெட்டுப் பள்ளிகள், ஏறக்குறைய முப்பதாயிரம் தட்டுகள். அத்தனை தட்டிலும் என்ன விழும், எவ்வளவு விழும் என்பதை அக்காவின் பேனா முடிவு செய்தது.

அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் சந்தைப் பக்கமே போனதில்லை. தெரிந்த வியாபாரி ஒருவருக்கு போன் போட்டுக் கேட்டு, நகத்தைக் கடித்துக்கொண்டே எழுதிவிடுவார். அக்கா அப்படிப்பட்ட ஆள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் செவ்வாய்க்கிழமையே பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறினார். பதிவேட்டைப் பார்த்ததும் பாதிப் பேர் வரி அதிகாரி என்று பயந்து அடிமாட்டு விலை சொன்னார்கள். மீதிப் பேர் மானியம் ஏதோ வரப்போகிறது என்று நினைத்து ஆகாயத்தில் ஏற்றிச் சொன்னார்கள். ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்துக் கடையில் ஒரே மூட்டை வெங்காயத்துக்கு மூன்று மடங்கு வித்தியாசம்.

"இப்படிக் கேட்டா உண்மை வராது. காசு குடுத்து வாங்கினாத்தான் விலை தெரியும்" என்று முடிவு செய்த அக்கா, பதிவேட்டை மேஜையில் வைத்துவிட்டுத் துணிப்பையோடு கிளம்பினார். வீட்டுக்கு வேண்டியதைத் தன் சொந்தக் காசில் வாங்கினார். வாங்கிய விலையை அலுவலகம் வந்து எழுதினார். ஏழு ஆண்டுகள் இப்படியே ஓடின. அரசாங்கத்தின் விலைப் பதிவேடு என்று நாங்கள் பூட்டி வைத்துப் பாதுகாத்தது அக்கா வீட்டுச் சமையலறைக்குப் போன சாமான்களின் பட்டியலைத்தான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அது எங்களுக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை.

அக்கா ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்தவர். அம்மாவுக்கு மூட்டுவலி. கடைக்குப் போகும் பொறுப்பு ஒன்பது வயதிலேயே அக்காவின் தலையில் விழுந்தது. வீட்டில் ஏழு பேர். அப்பா கையில் கொடுக்கும் காசு ஐந்து பேருக்குத்தான் காணும். மிச்சம் இரண்டு பேரின் சாப்பாட்டை அக்கா தன் வாயாலேயே சம்பாதித்தார். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. ஒருமுறை வீட்டுக்காரருக்கு இரண்டு கையிலும் வீக்கம் என்று எக்ஸ்ரே எடுக்கப் போனபோது, "ரெண்டு கையும் ஒரே ஆளோடதுதானே? ஒரு படத்துக்கு உண்டான காசு மட்டும் போட்டுக்குங்க" என்று பேசி, அதையும் நடத்திக் காட்டியவர். வீட்டுக்காரர் தையல்காரர், ரொம்பச் சாது. "அவ சாமான் வாங்கும்போது நான் பத்தடி தள்ளி நின்னு, யாரோ எவரோன்னு மேல பாத்துக்கிட்டு இருப்பேன்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

அக்காவின் பேரத்தை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். சந்தை கலையும் நேரமாகப் பார்த்துத்தான் போவார். மூட்டையின் அடியில் கிடப்பதைக் கேட்பார். கீறல் விழுந்த முட்டையை மட்டும் தனியே பொறுக்கி, "இத நீங்க நாளைக்கு என்ன பண்ணப்போறீங்க?" என்பார். கடைக்காரர் இறங்கி வராவிட்டால் பையை மடித்து இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பிப்பார். நாலு அடி நடப்பார். அவர் ஐந்தாவது அடி வைத்து நான் பார்த்ததில்லை. அதற்குள் பின்னாலிருந்து "சரி, வாங்கக்கா, எடுத்துட்டுப் போங்க" என்று சலித்த குரல் கேட்கும்.

விலைவாசி ஏறிய ஆண்டுகளில் அக்காவுக்கு ஆத்திரம் ஏறியது. ஆத்திரம் ஏற ஏறப் பேரமும் இறுகியது. ஊரே எண்ணெய் விலையைப் பார்த்து வாயில் கைவைத்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் பச்சைப் பதிவேடு மட்டும் எட்டு சதவீதத்தில் அசையாமல் நின்றது.

இதனால் எல்லாரையும்விட அதிகம் மகிழ்ந்தவர் எங்கள் துணை இயக்குநர். அவரை நாங்கள் சுற்றறிக்கை ஐயா என்போம். எந்தச் சிக்கல் வந்தாலும் அதற்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புவார். அனுப்பிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று நம்புவார். 'விலை உயர்வு' என்ற சொல் மக்களிடம் தேவையற்ற கலக்கத்தை உண்டாக்குவதால் இனி அதை 'விலை அசைவு' என்றே எழுத வேண்டும் என்று அவர் அனுப்பிய சுற்றறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். 'விலை அசைவைச் சிறப்பாகக் கட்டுக்குள் வைத்த அலுவலகம்' என்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து தலைமையகம் எங்களுக்குக் கேடயம் கொடுத்தது. கேடயங்கள் அவர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கின. பார்க்க வருகிறவர்களிடம், "நாங்க விலைய விடாம கண்காணிக்கிறோம் பாருங்க, அதனால அது அடங்கி இருக்கு" என்பார், ஏதோ வீட்டில் வளர்க்கும் நாயைப் பற்றிச் சொல்வதுபோல.

அந்த நேரத்தில்தான் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு தச்சர். ஆற்றங்கரைப் பள்ளியில் படிக்கும் பெண்ணின் அப்பா. கடிதத்தில் இரண்டே வரி. கூடவே ஒரு புகைப்படம். சாப்பாட்டுத் தட்டில் அரை முட்டை; அதன் பக்கத்தில் அவருடைய மர அளவுகோல். நீளம் எவ்வளவு என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார். 'என் மகளுக்குக் கணக்குப் பாடத்தில் பின்னம் நன்றாக வருகிறது, நன்றி. மீதி முட்டை எங்கே?' என்று கேட்டிருந்தார்.

ஐயா அன்றைக்கே சுற்றறிக்கை அனுப்பினார். 'அரை முட்டை' என்ற சொல் தவறான பொருள் தருவதால் இனிமேல் அதைப் 'பகிரப்பட்ட முட்டை' என்று குறிப்பிட வேண்டும். ஆனால் தச்சர் லேசுப்பட்டவர் இல்லை. கடிதத்தின் நகல் ஒன்றைத் தலைமையகத்துக்கும் அனுப்பியிருந்தார். அங்கிருந்து விளக்கம் கேட்டு வந்துவிட்டது. ஐயா அக்காவைக் கூப்பிட்டார்.

"நீங்க போங்க. பதிவேட்டை எடுத்துட்டுப் போங்க. இந்த விலைக்குச் சாமான் கிடைக்கும்போது முட்டைய ஏன் வெட்டுறாங்கன்னு அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மாகிட்டக் கேளுங்க. பதில எழுதி வாங்குங்க." அறிக்கையைத் தட்டச்சு செய்யவேண்டியவள் என்பதால் நானும் உடன் போனேன்.

அக்காவுக்குக் கோபம். போகும் வழியெல்லாம், "பச்சப்பிள்ளைங்க சோத்துல கைவைக்கிறாங்கன்னா அவங்க மனுசங்களா?" என்று பொருமிக்கொண்டே வந்தார்.

சமையல்கூடம் பள்ளிக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு நீளமான அறை. நாங்கள் உள்ளே நுழைந்தபோது சமையல்காரம்மா முக்காலியில் உட்கார்ந்து முட்டை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி இல்லை. தையல் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறு முனையைக் கையில் இழுத்துப் பிடித்து, அவித்த முட்டையைச் சரியாக நடுவில் இரண்டாக்கினார். மஞ்சள் கரு ஒரு துளிகூடச் சிதறவில்லை. இருநூற்று அறுபது பிள்ளைகள், நூற்று முப்பது முட்டைகள். ஒரு பாதி பெரிதாகிவிட்டால் பிள்ளைகளுக்குள் சண்டை வரும் என்பதால் கத்தியை விட்டு நூலுக்கு வந்தாராம்.

அக்கா பதிவேட்டை விரித்து மேஜையில் வைத்தார். "இது போன மாச விலை. இந்த விலைக்கு வாங்கினா ஆளுக்கு ஒரு முட்டை தாராளமா வரும். மீதி எங்கம்மா போகுது?"

சமையல்காரம்மா வாயிலிருந்த நூலை எடுத்தார். கையைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டைக் குனிந்து பார்த்தார். வரிசையாக விரலை ஓட்டினார். வெங்காயத்தில் விரல் நின்றது. எண்ணெயில் நின்றது. முட்டையில் நின்றபோது சிரித்துவிட்டார்.

"இது எந்த ஊரு விலைங்க?"

"நம்ம சந்தை விலைதான்."

"யாருங்க எழுதினது?"

அக்கா பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "ஏழு வருசமா அந்த ஆளத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். ஒரு தடவ கண்ணுல பட்டாப் போதும். இந்தக் கரண்டியாலயே நாலு கேள்வி கேப்பேன். எவனோ ஒருத்தன் ரூம்ல உக்காந்துக்கிட்டு வாய்க்கு வந்தத எழுதுறான், நான் இங்க நூலால முட்டைய அறுக்கிறேன்."

அக்காவின் முகம் சிவந்தது. "வாய்க்கு வந்தத யாரும் எழுதல. ஒவ்வொண்ணும் காசு குடுத்து வாங்கின விலை."

"அப்படீன்னா அந்தக் கடையக் காமிங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நாளைக்கே வாங்க, காமிக்கிறேன்."

மறுநாள் மூன்று பேரும் சந்தைக்குப் போனோம். அக்கா நேராகத் தன் வழக்கமான வெங்காயக் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் காதில் பென்சில் செருகிய, பருத்த, களைத்த மனிதர். சமையல்காரம்மாவைப் பார்த்ததும் அவர் முகத்தில் பழகிய சிரிப்பு வந்தது. ஏனென்றால் சமையல்காரம்மாவும் ஏழு ஆண்டுகளாக அதே கடையில்தான் வாங்குகிறார்.

"நாப்பது கிலோ வழக்கம்போலத்தானே?" என்று கேட்டு அவர் சொன்ன விலை, பதிவேட்டு விலையைவிட ஏகத்துக்கும் அதிகம்.

"ஏன் இவ்வளவு?" என்றார் அக்கா.

"கடனுக்கு இதுதாங்க விலை. இவங்க ஆபீஸ்ல பில்லு போட்டா மூணு மாசம் கழிச்சுத்தான் காசு வருது. நானும் வெளியில வட்டிக்கு வாங்கித்தானே ஓட்டணும்? மூட்டையில மேலா இருக்கிறதத்தான் குடுக்கிறேன், கெட்டுப்போனத அனுப்பல." நோட்டைப் புரட்டிக் காட்டினார். ஆற்றங்கரைப் பள்ளியின் பெயரில் மூன்று மாதத்துப் பாக்கி வரிசையாக நின்றது. எங்கள் அலுவலகத்துப் பாக்கிதான். அந்தப் பில்கள் எந்த அலமாரியில் தூங்குகின்றன என்பதுகூட எனக்குத் தெரியும்.

அக்கா பாக்கி வரிசையைக் கடைசிவரை படித்தார். பிறகு துணிப்பையை விரித்தார். "எனக்கு ரெண்டு கிலோ போடுங்க."

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். விலையைச் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. குனிந்து அடிமூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துப் போட்டு, அக்கா நீட்டிய காசை எண்ணாமல் பெட்டிக்குள் போட்டார். பதிவேட்டில் இருந்த அதே விலை.

சமையல்காரம்மா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இவங்களுக்கு மட்டும் எப்படி அந்த விலைக்குக் குடுக்கிறீங்க?"

"அது விலை இல்லீங்க" என்றார் கடைக்காரர் பரிதாபமாக. "தொல்லை விட்டுப்போகட்டும்னு குடுக்கிறது. இவங்ககூடப் பேசி முடிக்கிறதுக்குள்ள அஞ்சு பேரு வந்துட்டுப் போயிடுறாங்க. இந்த வரிசையில எல்லாரும் அப்படித்தான். அக்கா வர்ற அன்னைக்கு ஒரு நஷ்டம்னு மனச தேத்திக்குவோம்."

சமையல்காரம்மா மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார். "அந்தப் பாவி நீங்கதானா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஏழு ஆண்டுகளில் அவர் தலை குனிந்து நான் பார்த்தது அன்றுதான். சமையல்காரம்மா கையில் கரண்டி இல்லை. இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அடுத்து அவர் கேட்டது, "எண்ணெய எவ்வளவுக்கு அடிச்சீங்க, சொல்லுங்க" என்பதுதான். சொன்னதும் தன்னையறியாமல் "அடேங்கப்பா" என்றார்.

அலுவலகம் திரும்பிய அக்கா மதியம் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அதற்குள் இருந்ததும் கீறல் முட்டைதான். "முப்பதாயிரம் பிள்ளைங்க வாயிலேருந்து புடுங்கி என் வீட்டுல மிச்சம் புடிச்சிருக்கேன்" என்றார். "அப்படி இல்லக்கா, நீங்க உள்ளதத்தானே எழுதினீங்க" என்றேன். "உள்ளதத்தான் எழுதினேன். அதான் வினையாப் போச்சு."

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா ஒரு முடிவோடு சந்தைக்குப் போனார். பேரமே பேசக்கூடாது. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு அதையே எழுதுவது. தக்காளிக் கடையில் கடைக்காரப் பெண் விலை சொன்னாள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. "சரி, குடுங்க" என்றார். கடைக்காரப் பெண் பயந்துபோனாள். "என்னக்கா, உடம்பு சரியில்லையா? வீட்டுல ஏதும்...?" என்று கேட்டுத் தானாகவே விலையைக் குறைத்தாள். அக்கா மறுத்தார். அவள் இன்னும் குறைத்தாள். கடைசியில் எப்போதையும்விடக் குறைந்த விலைக்குத் தக்காளி பைக்குள் வந்து விழுந்தது. எட்டாக இருந்த சதவீதம் அந்த வாரம் ஏழரைக்கு இறங்கியது. ஐயா அக்காவைக் கூப்பிட்டுப் பாராட்டினார்.

அக்கா உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதினார். 'நான் வாங்கும் விலை சந்தை விலை அல்ல. ஆகவே பதிவேட்டை வேறு முறையில் எழுத வேண்டும்.' ஐயாவிடமிருந்து அது சிவப்பு மையில் திரும்பி வந்தது: 'விலை எழுதுபவர் கொடுத்த விலை விலை அல்ல என்றால், விலை என்பது யாது? உரிய விதியைச் சுட்டிக்காட்டி மூன்று பிரதிகளில் விளக்கம் தரவும்.'

அக்கா விதிப் புத்தகத்தை எடுத்துவந்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அதில் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு வரி இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அலுவலகத் தலைவர் தாமே நேரில் சென்று விலையைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவர் சரிபார்த்த விலையே அந்தக் காலாண்டின் விலை. ஐயா ஏழு ஆண்டுகளாக உட்கார்ந்த இடத்திலிருந்தே 'நேரில் கண்டேன்' என்று கையெழுத்துப் போட்டுவந்தார்.

அக்கா அவர் அறைக்குப் போனார். நானும் கோப்போடு பின்னால் நின்றேன்.

"ஐயா, தலைமையகத்துலேருந்து ஆண்டறிக்கைக்குப் படம் கேட்டிருக்காங்க. நீங்க சந்தையில நின்னு விலைய சரிபாக்கிற மாதிரி ஒரு படம் இருந்தா நல்லா இருக்கும்."

ஐயா தலையைத் தடவினார். "சந்தைக்கா? நானா?" சற்று யோசித்தார். "படம் நல்லாத்தான் இருக்கும். அந்தத் தச்சன் வாயையும் அடைச்ச மாதிரி இருக்கும். எந்தச் சட்டை போட்டுக்கிட்டு வரட்டும்?"

அவர் வெள்ளைச் சட்டையில், அலுவலகக் காரில் வந்து இறங்கினார். அவர் சந்தைக்குள் கால் வைத்து எத்தனை ஆண்டுகள் ஆயிற்றோ தெரியாது. ஈரத் தரையில் கோழி நடப்பதுபோல நடந்தார். போனில் படம் எடுப்பது என் வேலை. அக்கா பதிவேட்டோடு நாலு அடி பின்னால். கடைக்காரர்கள் காரைப் பார்த்தார்கள், சட்டையைப் பார்த்தார்கள், கையிலிருந்த மோதிரத்தைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது போதும்.

"இது என்ன விலை?" என்று உருளைக்கிழங்கைத் தொட்டுக் கேட்டார் ஐயா.

காதில் பென்சில் செருகியிருந்தவர் கண் இமைக்காமல் ஒரு விலை சொன்னார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அக்காவின் வாய் திறந்தது. கையால் பொத்திக்கொண்டார்.

"பரவாயில்லையே, குறைச்சலாத்தான் இருக்கு" என்றார் ஐயா. "நாலு கிலோ போடுங்க. எழுதிக்குங்கம்மா."

எண்ணெய்க் கடையிலும் அதே கதை. முட்டைக் கடையில், ஐயா முட்டையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார், யாரோ எப்போதோ சொன்னதை நம்பி. "நல்ல சரக்குங்க, உங்களுக்காகத்தான் இந்த விலை" என்றார் கடைக்காரர். அந்தச் சொல்லில் ஐயா மயங்கிவிட்டார். பன்னிரண்டு பொருள்களையும் வாங்கி, காரின் பின்பக்கத்தை நிரப்பி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இதுல என்ன கஷ்டம் இருக்குன்னு தெரியலையே" என்றார். அங்கேயே முட்டைத் தட்டுகளின் மேல் பதிவேட்டை வைத்துக் கையெழுத்திட்டார். அந்தப் படம் நன்றாக வந்தது. அக்காவின் படம் ஒன்றும் என் போனில் விழுந்திருந்தது. கீழ் உதட்டில் பல் பதிந்த தடம் அதில் தெரியும்.

மாலையில் கூட்டிப் பார்த்தோம். முப்பத்தொரு சதவீதம்.

அக்கா அதைக் கணினியில் ஏற்றித் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டார். இரண்டாம் நாள் அங்கிருந்து போன் வந்தது. ஐயாவின் அறையிலிருந்து அவர் குரல் மட்டும் கேட்டது: "ஆமாங்க... நேர்லதாங்க... நானேதாங்க." பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"எட்டா இருந்தது எப்படி முப்பத்தொண்ணாச்சு?"

"நீங்க வாங்கின விலைங்கய்யா."

"என்னை ஏமாத்திட்டானா அந்தப் பய?"

அக்கா நிதானமாகச் சொன்னார்: "அப்படி எழுதிக் குடுத்துடலாங்கய்யா. துணை இயக்குநருக்குச் சாமான் வாங்கத் தெரியலை, கடைக்காரங்க ஏமாத்திட்டாங்கன்னு. டைப் பண்ணச் சொல்லட்டுமா?"

ஐயா என்னைப் பார்த்தார். நான் பேனா மூடியைத் திறந்து தயாராக நின்றேன். அவர் கேடயங்களைத் திரும்பிப் பார்த்தார். அக்காவின் ஏழு ஆண்டு விலையைச் சரியென்றால் சந்தையில் போட்ட தன் கையெழுத்து பொய். தன் கையெழுத்தைச் சரியென்றால் கேடயம் பொய். இதை முழுவதும் மென்று விழுங்க அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது.

கடைசியில், இப்படிப்பட்ட நேரங்களில் அலுவலகங்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். குழு அமைத்தார். ஐயா தலைவர், அக்கா உறுப்பினர். பள்ளிகளின் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தைக் காட்டி அக்கா ஆற்றங்கரைச் சமையல்காரம்மாவைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். கூட்டத்துக்கு வந்த அவர் தன் பில்களை எல்லாம் ஒரு சாக்குப்பையில் கட்டி எடுத்துவந்திருந்தார். மேஜைமேல் கொட்டியபோது எண்ணெய் வாசனை அடித்தது.

ஒன்றரை மணி நேரம் பேசியும் முடிவு வரவில்லை. எட்டா, முப்பத்தொன்றா? எதை ஒத்துக்கொண்டாலும் யாரோ ஒருவர் அசடு ஆக வேண்டும். ஐயா தேநீர் வரவழைத்தார். பிறகு ஏதோ ஞானம் வந்தவர்போல, "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துடலாமே?" என்றார். பத்தொன்பதரை வந்தது. அதே நேரம் சமையல்காரம்மாவின் சாக்குப் பில்களை நான் மூலையில் உட்கார்ந்து கூட்டி முடித்திருந்தேன். நாலு வருடத்தில் அவர் கொடுத்த விலை ஏறியிருந்தது பத்தொன்பது சதவீதம்.

சொன்ன விலைக்கு ஒருநாளும் பணியாதவரும், கேட்ட விலைக்கு மேல் பாராட்டும் கொடுத்துவிட்டு வந்தவரும் சேர்ந்து, ஒரு சாதாரண மனுஷி கொடுக்கும் விலையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐயா அதற்கு 'இருமுனை விலைக் கணிப்பு முறை' என்று பெயர் வைத்துச் சுற்றறிக்கை அனுப்பினார். தொகை பத்தொன்பதரை சதவீதம் உயர்ந்தது. அடுத்த ஆண்டு அதற்கும் ஒரு கேடயம் வந்தது. வேறு மாவட்டங்களில் அவரைக் கூப்பிட்டுப் பேச வைக்கிறார்கள். சந்தையில் நிற்கும் அந்தப் படத்தைப் பெரிதாகத் திரையில் காட்டிப் பேசுகிறாராம்.

ஆற்றங்கரைப் பள்ளியில் முழு முட்டை போட்ட முதல் நாள் அக்காவும் நானும் போயிருந்தோம். ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டார்கள். தச்சரின் மகள் யாரென்று கேட்டு அக்கா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "முட்டை எப்படிம்மா இருக்கு?" என்றார். "உப்பு பத்தல" என்றாள் அவள். சமையல்காரம்மா கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்.

அக்கா விலை எழுதும் வேலையை விட்டுவிட்டார். அவரே எழுதிக் கேட்டு வாங்கிய மாற்றம். இப்போது பில் பிரிவில் இருக்கிறார். தலைமையகக் கணக்குப் பிரிவுக்குக் காலையில் ஒரு போன், மாலையில் ஒரு போன். "என்னங்க, ஆத்தங்கரைப் பில்லு என்னாச்சு? சாப்பிட்டீங்களா? பில்லு என்னாச்சு?" மூன்று மாதம் தூங்கிய பில்கள் ஐந்து வாரத்தில் காசாகின்றன. கடைக்காரர்களும் பள்ளிகளுக்குக் கடன் விலையைக் கொஞ்சம் இறக்கியிருக்கிறார்கள்.

விலை எழுத யாரைப் போடுவது என்று ஐயா கேட்டபோது அக்கா என்னைக் கைகாட்டினார். "இவளப் போடுங்கய்யா. இவ எல்லாரும் ஏமாறுற அளவுக்கு ஏமாறுவா. கூடவும் மாட்டா, குறையவும் மாட்டா." இதைவிடப் பெரிய தகுதிச் சான்றை எனக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை.

போன காலாண்டில் நான் எழுதிய கணக்கு, உயர்த்திய தொகைக்குப் பிறகும் பதினோரு சதவீதம் ஏறியிருந்தது. ஐயா என்னைக் கூப்பிட்டார். பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

"ஏம்மா, கொஞ்சம் பேரம் பேசிப் பாத்திருக்கக் கூடாதா?"

"எனக்குத் தெரியாதுங்கய்யா."

வெளியே அக்கா யாரிடமோ போனில், "நான் வைக்கமாட்டேன், நீங்க தேதி சொல்ற வரைக்கும் லைன்லயே இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பது அறைக்குள் தெளிவாகக் கேட்டது. ஐயா கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.